கேமராவைக் கையில் கொடுப்பதற்கு முன்: மாணவர் குறும்படப் பயிற்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மாணவர்களுக்குக் குறும்படப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர்களுக்கும், அதற்கு அனுமதியும் நேரமும் ஒதுக்கித் தரும் பள்ளி, கல்லூரி நிர்வாகத்தினருக்கும், மாணவர் குறும்படப் போட்டிகளை நடத்தும் அமைப்பினருக்கும் வணக்கம்.

நான் சில ஆண்டுகளாக மாணவர்களுக்குக் குறும்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன். அவ்வப்போது போட்டிகளுக்கு நடுவராகவும் அழைக்கப்படுகிறேன். சமூகப் பிரச்சினைகளைப் பற்றி மாணவர்கள் படம் எடுக்க வேண்டும் என்று நீங்கள் விரும்புவதும், தேர்வுகளுக்கு நடுவே அதற்கென்று நேரம் ஒதுக்குவதும் எவ்வளவு அரிதானவை என்பதை அறிந்தேதான் இதை எழுதுகிறேன். ஆனால் கிடைக்கும் அந்த நேரத்தை நாம் செலவழிக்கும் முறையில் அடிப்படையான கோளாறு ஒன்று இருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யச் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் மாணவர்களைப் பார்க்க அனுப்புகிறோம். அவர்களும் எதையும் பார்க்காமலேயே, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறார்கள்.

ஒரே நாளில் முப்பது, நாற்பது மாணவர் படங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தலைப்புகள் மாறும், படம் மாறாது. குடிப்பழக்கமோ, குழந்தைத் தொழிலாளரோ, முதியோரைக் கைவிடுவதோ, கைப்பேசி மோகமோ, எதுவானாலும் முதல் காட்சியில் அலாரம் அடிக்கும். ஒருவன் எழுந்து பல் துலக்குவான். நடுவில் ஒருவர் ஸ்லோமோஷனில் நடந்து போவார். பின்னணியில் வயலின் அழும். கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் எங்கிருந்தோ எடுத்த ஒரு புள்ளிவிவரமும், அதன் கீழே ஓர் அறிவுரையும் தோன்றும். இந்த மாணவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஒரு விநாடிக்கு 24 பிரேம் என்று தேடிப் படித்துக் கைப்பேசியில் அமைத்துக்கொள்ளும் அளவுக்கு உழைக்கிறார்கள். நாம் கேட்டதைத்தான் அவர்கள் கொடுக்கிறார்கள். போட்டி அறிவிப்பைத் திறந்தால் 'அழுத்தமான சமூகக் கருத்து' என்ற ஒரு வரி தவறாமல் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலிலும் அதற்குத்தான் பெரிய பங்கு. கருத்துக்கு மதிப்பெண் என்றால் கருத்துதான் வரும். பார்த்ததற்கும் கேட்டதற்கும் விசாரித்ததற்கும் எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை.

நான் ஒரு கல்லூரியில் நடத்திய பயிற்சியில் நடந்ததைச் சொல்கிறேன். நான்கு மாணவர்கள் தூய்மைப் பணியாளர்களைப் பற்றிப் படம் எடுக்க முடிவு செய்தார்கள். ஸ்கிரிப்ட் இரண்டு பக்கம். ஒரு பெண் தாழ்வாரத்தைத் துடைக்கிறார். மாணவர்கள் காலணியோடு ஈரத்தின் மேலேயே நடந்து போகிறார்கள். இரண்டாம் பக்கத்தின் முடிவில் அவர் கண்ணீர் விடுகிறார். அந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் பணியாளர் ஒருவரே நடிப்பதற்கு ஒப்புக்கொண்டார். முதல் டேக்கில் ஃபோகஸ் தவறியது. அடுத்ததில் யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள். மூன்றாவதில் வெளிச்சம் போதவில்லை. காலையிலேயே துடைத்து முடித்திருந்த தாழ்வாரத்தை அவர் மறுபடி மூன்று முறை துடைத்திருந்தார். நான்காவது டேக் கேட்டபோது துடைப்பானைக் கேமரா பிடித்திருந்த மாணவனிடம் நீட்டி, "இன்னொரு தடவை வேணும்னா நீ துடை தம்பி, நான் படம் எடுக்கிறேன்" என்றார். கேலியாகத்தான் சொன்னார், அவனும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினான்.

பாதித் தாழ்வாரம் கூடப் போகவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். "அக்கா, இதுக்குக் கம்பு ஏன் இவ்வளவு குட்டையா இருக்கு?" என்று கேட்டான். "வர்றதே அப்படித்தான் வருது" என்றார் அவர். அந்தக் கேள்வி ஸ்கிரிப்டில் இல்லை. மறுநாள் அவர்கள் அளவுநாடாவோடு வந்தார்கள். கட்டடத்தில் இருந்த ஏழு துடைப்பான்களையும் அளந்து, அவற்றைப் பயன்படுத்துபவர்களின் உயரத்தையும் குறித்துக்கொண்டார்கள். பழைய ஸ்கிரிப்டை யாரும் கிழித்துப் போடவில்லை. அது தானாகவே மறந்துபோயிற்று. கடைசியில் வந்தது மூன்று நிமிடப் படம். வளைந்த முதுகு, கம்பின் நுனியை இறுக்கிப் பிடித்த கை, அளவுநாடா, பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைக் கம்போடு சேர்த்துச் சைக்கிள் ட்யூபால் கட்டி அவரே அதை நீளமாக்கிக்கொள்வது. மாணவன் துடைப்பதை அவர் எடுத்த, சற்றே சாய்ந்த ஷாட்டும் படத்தில் இருந்தது. இசை இல்லை, கண்ணீர் இல்லை. தரையில் துணி உரசும் சத்தம் மட்டும் இருந்தது.

அந்தப் படம் ஒரு போட்டிக்குப் போய், 'கருத்து அழுத்தமாக இல்லை' என்ற குறிப்போடு முதல் சுற்றிலேயே திரும்பி வந்தது. அந்தக் குறிப்பை எழுதியவர்மீது எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் யோசித்தபோது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் வேறு படங்களுக்கு ஏறக்குறைய அதே சொற்களை நானும் எழுதியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. ஆகவே இந்த மடலில் உள்ள குறைகளில் ஒரு பங்கு எனக்கும் உரியது.

சமூகப் பிரச்சினை என்று நாம் தலைப்புக் கொடுக்கும்போது அதன் அளவைக் கவனிப்பதில்லை. 'வறுமை' என்பதை ஐந்து நிமிடத்தில் யாராலும் எடுக்க முடியாது. எவ்வளவு தேர்ந்த இயக்குநரானாலும் முடியாது. குட்டையான கம்பை எடுக்க முடியும். சக்கர நாற்காலி ஏறமுடியாத ஒரே ஒரு படிக்கட்டை எடுக்க முடியும். மாணவிகள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணமான, தாழ்ப்பாள் இல்லாத ஒரு கழிப்பறைக் கதவை எடுக்க முடியும். தலைப்பு எவ்வளவு சிறியதாகச் சுருங்குகிறதோ, அந்த அளவுக்கு மாணவர் அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் போனால்தான் கேள்வி எழும். ஆகவே தலைப்புப் பட்டியல் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு குழுவும் ஒரு வாரம் கேமரா இல்லாமல் ஓர் இடத்தைக் கவனித்து, அங்கே கண்ட பத்து விஷயங்களைக் குறிப்பேட்டில் எழுதி வரச் செய்யுமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பத்தில் எட்டு பயனற்றதாகத்தான் இருக்கும். மீதி இரண்டு போதும்.

இரண்டு நாள் பட்டறையில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று நிர்வாகத்தினர் கேட்பது என் காதில் விழுகிறது. இல்லைதான். முதல் நாள் காலையில் கதை, மதியம் கேமரா, இரண்டாம் நாள் காலையில் படப்பிடிப்பு, மாலையில் எடிட்டிங், ஆறு மணிக்குச் சான்றிதழ் என்று ஓடும் பட்டறையில் கைப்பேசியைக் கையாளத்தான் பழக்க முடியும். அதையோ மாணவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். அதே பன்னிரண்டு மணி நேரத்தை வாரம் ஒரு மணியாகப் பன்னிரண்டு வாரங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் கூடுதல் செலவு எதுவும் இல்லை. வகுப்புக்கும் வகுப்புக்கும் இடைப்பட்ட ஆறு நாட்களில்தான் உண்மையான வேலை நடக்கும்.

தொழில்நுட்பத்தில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒலியைப் பற்றி. மாணவர் படங்கள் பெரும்பாலும் படத்தால் கெடுவதில்லை, ஒலியால்தான் கெடுகின்றன. மங்கலான காட்சியைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். காதில் விழாத பேச்சைப் பொறுக்கமாட்டார். கைப்பேசியை மூன்று மீட்டர் தள்ளி வைத்துப் பேட்டி எடுத்தால் பேசுபவரின் குரலைவிட மின்விசிறியின் இரைச்சல்தான் கூடுதலாகப் பதிவாகும். இன்னொரு கைப்பேசியில் குரல் பதிவை ஓடவிட்டு, பேசுபவரின் சட்டைப் பையிலோ மடியிலோ வைத்துவிட்டு, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டிக்கொண்டால் போதும். எடிட்டிங்கில் அந்தக் கைதட்டலை வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் ஒலியைத் தனியாகப் பதிவு செய்து வரப் பழக்குங்கள். வெட்டு விழும் இடங்களை மூடுவதற்கு அது உதவும் என்பது ஒரு காரணம். அந்த அரை நிமிடம் அசையாமல் நிற்கும்போதுதான் பலருக்கு அந்த இடம் முதன்முறையாகக் காதில் விழுகிறது என்பது இன்னொன்று. முதல் படத்துக்குப் பின்னணி இசையே கூடாது என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். முணுமுணுப்பார்கள். ஆனால் சோகத்தை வயலினிடம் ஒப்படைக்க வழியில்லாதபோது, அந்தக் காட்சியில் சோகம் உண்மையாகவே இருக்கிறதா என்று அவர்களே கேட்டுக்கொள்ளத் தொடங்குவார்கள்.

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பிறர் துயரத்தைப் படமெடுக்க மாணவர்களை அனுப்பும் நாம், படமெடுக்கப்படுபவருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பதைச் சொல்லிக்கொடுப்பதே இல்லை. சாலையோரத்தில் உறங்குபவரைத் தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுக்கிறார்கள். மருத்துவமனை வாசலில் அழுபவரை எடுக்கிறார்கள். சிறுவர்களைப் பள்ளிச் சீருடையோடு எடுத்து, முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு, அடையாளத்தை மறைத்துவிட்டதாக நம்புகிறார்கள். குரல், சீருடை, வீட்டு வாசல், நடை, இவற்றில் ஏதாவது ஒன்று போதும், அறிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தச் சிறுவனைத் தொல்லைப்படுத்தக்கூடியவர்கள் பெரும்பாலும் அறிந்தவர்கள்தான். 1989-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவு குழந்தைகளுக்குக் கருத்து வெளிப்பாட்டு உரிமையைத் தருகிறது. மாணவர் படங்களை ஆதரித்துப் பேசுகையில் நாம் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறோம். மூன்று பிரிவுகளுக்குப் பிறகு வரும் 16-ஆவது பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தையும் மதிப்பையும் காக்கிறது. கேமராவுக்குப் பின்னால் நிற்கும் குழந்தைக்கு ஒன்றும் முன்னால் நிற்கும் குழந்தைக்கு இன்னொன்றும் என்று அந்த உடன்படிக்கை பிரித்துவைக்கவில்லை.

ஒப்புதல் என்றால் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது என்ற எண்ணமும் மாற வேண்டும். எதற்காக எடுக்கிறோம், எங்கே காட்டுவோம், வகுப்பறையோடு நிற்குமா அல்லது யூடியூபில் ஏறுமா என்பதைப் படப்பிடிப்புக்கு முன் புரியும்படி சொல்ல வேண்டும். எடிட்டிங் முடிந்ததும் காட்ட வேண்டும். வெளியிடுவதற்கு முன் மறுபடி கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். ஏன் என்று அவர் விளக்கத் தேவையில்லை. துடைப்பான் படத்தை அந்தக் கட்டடத்தின் பணியாளர்களுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டினோம். பார்த்து முடித்ததும் அந்த அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். வேலையின் நடுவே படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொள்ளும் ஷாட் வேண்டாம். "வீட்டுல பிள்ளைங்க பார்த்தா வேலைக்கே போகாதேன்னு நிப்பாங்க" என்றார். எங்களிடம் இருந்ததிலேயே சிறந்த ஷாட் அது. சன்னலிலிருந்து வந்த வெளிச்சம், கையின் அசைவு, பின்னால் காலியான தாழ்வாரம், எல்லாம் ஒன்றுசேர்ந்து அமைந்திருந்தது. மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் உடனே பதில் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேமரா பிடித்த மாணவன்தான் லேப்டாப்பைத் திறந்து, அவர் கண் முன்னாலேயே அந்த ஷாட்டை நீக்கினான்.

இது நம் காலத்தில் யாரோ புதிதாகக் கண்டுபிடித்த நாகரிகமும் அல்ல. 1967-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் ஒரு திட்டத்தின் கீழ், இயக்குநர் காலின் லோவை நியூஃபவுண்ட்லாந்து கரையை ஒட்டிய ஃபோகோ தீவுக்கு அனுப்பியது. மீன்பிடித் தொழில் நலிந்திருந்த காலம் அது. மக்களைத் தீவிலிருந்து வேறிடங்களுக்கு இடம்பெயர்க்கும் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. லோ ஒரு பெரிய படத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட சிறுசிறு படங்கள் உருவாயின. பேசியவர்களுக்கு அவர்கள் பேசியதை முதலில் போட்டுக் காட்டினார்கள். நீக்கச் சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்ளாமல் பிரிந்துகிடந்த ஊர்கள் ஒன்றையொன்று அந்தப் படங்களின் வழியே பார்த்தன. பிறகு அரசுப் பொறுப்பில் இருந்தவர்களுக்கும் அவற்றைக் காட்டினார்கள். தீவு மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். தீவில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். அதற்குப் படங்கள் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் ஒரு சமூகப் பிரச்சினைப் படத்தின் முதல் பார்வையாளர் யார் என்ற கேள்விக்கு, நம் கைப்பேசிகளில் பாதி வசதி கூட இல்லாத காலத்திலேயே விடை சொல்லியாகிவிட்டது. நம் மாணவர்களின் படங்களுக்கு முதல் பார்வையாளர் நடுவர். பல நேரம் கடைசிப் பார்வையாளரும் அவரே.

தற்கொலையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பிரச்சினை எதுவானாலும் முடிவு தெரியாதபோது பாத்திரத்தைச் சாகடித்துவிடுவது மாணவர் படங்களில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. தேர்வில் தோற்றவன், கேலிக்கு ஆளானவள், கடன்பட்ட தந்தை, எல்லோரும் கடைசிக் காட்சியில் அதையே செய்கிறார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்களும் அதே வயதுப் பிள்ளைகள். திரைப்படத்திலும் மேடையிலும் பணியாற்றுவோருக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. தற்கொலைச் செயலையோ வழிமுறையையோ காட்டுவதைத் தவிர்க்குமாறும், நெருக்கடியிலிருந்து மீண்டு வரும் பாத்திரங்களையும் உதவி கிடைக்கும் வழிகளையும் காட்டுமாறும் அது அறிவுறுத்துகிறது. இதைப் போட்டி விதிமுறையில் சேர்க்க ஒரு வரி போதும். கதை சொல்லும் கோணத்திலிருந்து பார்த்தாலும் அந்த முடிவு ஒரு சோம்பேறித்தனம்தான் என்பதை மாணவர்களிடம் நான் ஒளிக்காமல் சொல்வதுண்டு.

நிர்வாகத்தினரிடம் சற்றுக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சமூகப் பிரச்சினை என்பது எப்போதும் மதிலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். குப்பைமேட்டைப் பற்றிப் படம் எடுத்தால் பாராட்டு. உணவுக்கூடத்துக்குப் பின்னால் சேரும் குப்பையைப் பற்றி எடுத்தால் விளக்கக் கடிதம். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவைப் பற்றி எடுக்க விரும்பிய ஒரு குழுவிடம், 'நிறுவனத்தின் பெயர் கெடும்' என்று சொல்லி, பெண் கல்வியைப் பற்றி எடுக்கச் சொன்ன இடத்தையும் பார்த்திருக்கிறேன். மாணவருக்கு நேரடியாகத் தெரிந்த உலகம் அந்த மதிலுக்குள்தான் இருக்கிறது. அதைத் தொடக்கூடாது என்றால், அவருக்குத் தெரியாத மனிதர்களின் வாழ்க்கையைப் பற்றித்தான் அவர் தீர்ப்பு வழங்க முடியும். படம் வெளியே போவதில் தயக்கம் இருந்தால் முதலில் உள்ளேயே திரையிடுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, எழுந்து பதில் சொல்லட்டும். குறையைச் சரிசெய்வதற்குச் சில வாரம் எடுத்துக்கொண்டு, சரிசெய்ததையும் படத்தின் கடைசி ஷாட்டாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தக் கல்லூரியில் அதற்கடுத்து வாங்கிய துடைப்பான்களில் கம்பு நீளமாக இருந்தது. அதைப் படத்தின் சாதனை என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. வாங்கியவர் அந்தத் திரையிடலுக்கு வந்திருந்தார் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

போட்டி அமைப்பினரிடம் நான் கேட்பது அதிகமில்லை. மதிப்பெண் பட்டியலில் 'கருத்து' என்று இருக்கும் இடத்தில் 'விசாரிப்பு' என்று போடுங்கள். படத்தோடு மாணவர்களின் குறிப்பேட்டையும் கேளுங்கள். நடுவர்கள் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை, நான்கு பக்கம் புரட்டினாலே யார் போய்ப் பார்த்தார்கள், யார் இணையத்தில் பார்த்தார்கள் என்பது தெரிந்துவிடும். புள்ளிவிவரம் காட்டினால் அது எந்த ஆண்டினுடையது, யார் எடுத்தது என்பதைத் திரையிலேயே போடச் சொல்லுங்கள். நடிகரை வைத்து எடுத்த காட்சியானால் அதையும் சொல்லிவிடட்டும். நடித்துக் காட்டுவதில் தவறே இல்லை, நிஜம் என்று நம்பவைப்பதில்தான் தவறு. நுழைவுப் படிவத்தில் இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் பெயர்களுக்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டு, 'படத்தில் இடம்பெற்றவர்கள் படத்தைப் பார்த்தார்களா? பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள்?' என்று ஒரு கேள்வியை அச்சிடுங்கள். அந்த இடம் காலியாக வரும் படங்களை முதல் ஆண்டிலேயே நிராகரிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நடுவர் மேசைக்கு அந்தப் படிவமும் வந்து சேர வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
மாணவர் குறும்படப் பயிற்சியாளர் ஒருவர்